கடைசல் கிண்ணமும் அதன் பிடிமானமும்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், நிபோங் திபால் வட்டாரத்தில் இருப்பது பைராம் தோட்டம். வெல்லஸ்லி மாநிலம் என்று ஆங்கிலேயர் பெயரிட்டு ஆண்ட அந்தச் சமவெளியில் 19ஆம் நூற்றாண்டில் கரும்பு விளைந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பின் இடத்தை ரப்பர் பிடித்தது. பிற்காலத்தில் ரப்பரையும் ஒதுக்கிக்கொண்டு எண்ணெய்ப்பனை பரவிற்று. தமிழரின் உழைப்பு மட்டும் இம்மூன்றுக்கும் பொதுவாக இருந்தது.

ரப்பர் மரத்தைப் பால்மரம் என்றே தோட்டத்து மக்கள் சொல்வர். பாலுக்காகவே வளர்த்த மரம் ஆதலால், பால் வற்றிய பின் அதற்கு மதிப்பில்லை என்பதே நெடுங்கால எண்ணமாக இருந்தது. நட்டு 25, 30 ஆண்டுகள் ஆனதும் மரத்தைச் சாய்த்து மறுநடவு செய்வார்கள். சாய்ந்த மரம் விறகாகப் போகும். பாலை உறைய வைத்து, உருளையில் அழுத்தித் தாளாக்கி, புகைக்கூடத்தில் தொங்கவிட்டு உலர்த்துவார்கள் அல்லவா? அந்தப் புகைக்கூடத்து அடுப்பிலும் எரிந்தது பெரும்பாலும் இதே மரந்தான். தன் பாலைத் தானே புகையிட்டு முடித்த மரம் என்று இதனைச் சொல்லலாம்.

விறகாகவே போனதற்குக் காரணமும் இல்லாமல் இல்லை. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி. வெட்டிய சில நாட்களுக்குள் பூஞ்சை பற்றி நீலம் பாயும். துளைவண்டு புகுந்து கட்டையை மாவாக்கிவிடும். வெட்டிய கையோடு பலகையாக அறுத்து, போரிக் அமிலமும் வெண்காரமும் கரைத்த நீரை அழுத்தத்தில் உள்ளே செலுத்தி, சூளையில் உலர்த்தினால் இவ்விரு பகைகளும் அணுகா என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். இத்துறையில் கோலாலம்பூரை அடுத்த கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சி நிலையம் பெரும்பணி ஆற்றியிருக்கிறது. 1980களில் மலேசியத் தட்டுமுட்டுச் சாமான் தொழில் இந்த மரத்தின்மேல் எழுந்தது. இன்று கடைகளில் இளமஞ்சள் நிறத்தில் காணப்படும் பழக்கிண்ணம், தட்டு, உரல் ஆகியவற்றுள் பல, ஒரு காலத்தில் மங்கு கட்டிப் பால் வடித்த மரங்களே.

தோட்டத்தில் சாய்ந்த அடிமரத்தில் ஒரு துண்டை எடுத்துக் கிண்ணமாகக் கடைய நினைப்பவனுக்கு முதலில் எழும் கேள்வி உளியைப் பற்றியது அன்று. சுழலும் இயந்திரத்தில் அந்தக் கட்டையை எதைக்கொண்டு பிடிப்பது என்பதே கேள்வி. கடைசலில் கை தேர்ந்தவர்களும் அஞ்சுவது இந்த இடத்தில்தான். உளி மொக்கையானால் தீட்டிக்கொள்ளலாம்; வடிவம் கோணினால் சிறிய கிண்ணமாகச் செய்துகொள்ளலாம். பிடி விட்டால் கட்டை முகத்துக்கு வரும்.

இது வெறும் அச்சுறுத்தல் அன்று. 25 செ.மீ. விட்டமும் 10 செ.மீ. கனமும் உள்ள உலர்ந்த ரப்பர்க் கட்டை மூன்று கிலோ எடை இருக்கும். பச்சையாயின் இன்னும் கூடும். நிமிடத்துக்கு 800 சுற்று என்ற மிதமான வேகத்தில் அதன் விளிம்பு மணிக்கு 38 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 2000 சுற்றாக்கினால் 94 கிலோமீட்டர். மூன்று கிலோக் கட்டையொன்று நெடுஞ்சாலைக் காரின் வேகத்தில், முகத்துக்கு இரண்டு அடி தொலைவில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதே இதன் பொருள்.

தயிரும் மரமும்

தமிழில் தயிரைக் கடைவதும் மரத்தைக் கடைவதும் ஒரே சொல்லாக இருப்பது தற்செயல் அன்று என்று தோன்றுகிறது. மத்தில் கயிற்றைச் சுற்றி இரு முனையையும் மாறி மாறி இழுத்தால் மத்து இப்புறமும் அப்புறமும் சுழலும். பழைய நாட்டுக் கடைசலும் அவ்வாறே இயங்கிற்று. கட்டையைத் தாங்கும் தண்டில் கயிற்றையோ வில்லின் நாணையோ சுற்றி ஒருவர் இழுக்க, மற்றொருவர் உளி பிடிப்பார். எகிப்தில், கி.மு. 300ஐ ஒட்டிய பெட்டோசிரிஸ் என்பாரின் கல்லறைச் சுவரில் இத்தகைய கடைசல் செதுக்கப்பட்டிருக்கிறது. அங்கும் ஒருவர் இழுக்க, ஒருவர் கடைகிறார்.

இவ்வாறு முன்னும் பின்னும் சுழலும் தண்டில், மரையிட்டுத் திருகிய பிடி பயன்படாது. ஒரு பக்கம் சுழலும்போது இறுகுவது மறுபக்கம் சுழலும்போது கழன்றுவிடும். ஆகவே அக்காலக் கைவினைஞர் அடித்துச் செருகும் பிடியையும் முள் பிடியையும் நம்பினர். ஜப்பானியக் கிண்ணக் கடைசலில் தண்டின் முனையில் கூரிய இரும்பு முட்கள் இருக்கும். கட்டையை அவற்றின்மேல் வைத்துச் சம்மட்டியால் அடித்து ஏற்றுவார்கள்.

தமிழ்நாட்டில் இக்கலைக்குப் பேர்போன ஊர் அம்பாசமுத்திரம். தாமிரவருணிக் கரையில் உள்ள அவ்வூரின் மரச் சொப்புச் சாமான்களை அறியாத பெண் குழந்தைகள் ஒரு தலைமுறைக்கு முன்பு தென்பாண்டி நாட்டில் இருந்திருக்கமாட்டார்கள். அடுப்பு, பானை, அம்மி, ஆட்டுக்கல், திருகை, உரல், உலக்கை என்று ஒரு சமையலறையே கைக்குள் அடங்கும் அளவில் வரும். சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வின் வெப்பத்தில் அரக்கு உருகி மரத்தின்மேல் படியும். தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவார்கள். கன்னட நாட்டுச் சென்னபட்டணத்திலும், ஆந்திரத்து ஏட்டிகொப்பாக்காவிலும் நடப்பது இதே அரக்குக் கடைசல்தான். அவ்விரண்டு ஊர்களிலும் வெட்பாலை மரத்தைக் கொள்கிறார்கள்.

இந்த அரக்குக் கடைசலில் பரவலாக உள்ள பிடி மிக எளியது. தண்டின் முனையில் குழிந்த குவளை போன்ற பிடி ஒன்று இருக்கும். கட்டையின் ஒரு முனையைச் சற்றே கூம்பாகச் செதுக்கி, அந்தக் குழிக்குள் வைத்து, மறுமுனையில் சுத்தியால் நாலு தட்டுத் தட்டுவார்கள். அவ்வளவே. திருகாணி இல்லை, தாடை இல்லை. பானையை வெளியே உருட்டி, உள்ளே குடைந்து, அரக்குப் பூசி, இறுதியில் அடியில் வெட்டி எடுத்துக்கொண்டு, எஞ்சிய துண்டில் அடுத்த பானையைத் தொடங்குவார்கள்.

சொப்புப் பானைக்குப் போதுமான அந்தப் பிடி, பெரிய பழக்கிண்ணத்துக்கு ஏன் போதாது? அளவு பெரிது என்பது பாதி விடைதான். மறுபாதி மரத்தின் நாரில் இருக்கிறது.

நார் ஓடும் திசை

மரம் என்பது நெருக்கிக் கட்டிய நார்க்கற்றை. நீளவாக்கில் அதை இழுத்து அறுப்பது அரிது. குறுக்கே பிளப்பது எளிது. விறகு பிளப்பவர் ஒவ்வொருவரும் இதை அறிவர். சொப்புச் சாமானுக்கு எடுப்பது கிளைத் துண்டு அல்லது நீளக் கட்டை. அதன் நார், இயந்திரத்தின் சுழலச்சுக்கு இணையாக ஓடுகிறது. குவளைக்குள் செருகிய முனையிலிருந்து வெளியே நிற்கும் பானை வரை ஒரே நார் தொடர்ந்து வருகிறது. பிடிக்குள் இருப்பதும் வெளியே இருப்பதும் ஒரே கற்றை ஆதலால் ஒடிவது கடினம்.

கிண்ணம் அப்படியன்று. அடிமரத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை வட்டமாக அறுத்துக் கிண்ணம் கடைகிறார்கள். மரத்தின் நடுமையம் கிண்ணத்துள் இருந்தால் உலரும்போது அங்கிருந்து வெடிப்பு ஓடும் என்பதால் அதைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு. இதில் நார் சுழலச்சுக்குக் குறுக்கே கிடக்கிறது. கிண்ணத்தின் அடியில் பிடிப்பதற்காக ஒரு குட்டையான வட்டக் குமிழை விட்டுக் கடைந்தால், அந்தக் குமிழின் நார்களும் குறுக்கேதான் கிடக்கும். அடுக்கி வைத்த பனையோலைக் கட்டின்மேல் ஓலையாலேயே ஒரு குமிழ் செய்து, அதைப் பிடித்துக் கட்டு முழுவதையும் தூக்குவது போன்றது இது. பக்கவாட்டில் நெம்பினால் மேலடுக்கு பிரிந்து வந்துவிடும். கிண்ணம் பறந்த பின்னும் குமிழ் மட்டும் தாடைக்குள் பத்திரமாக மாட்டிக்கொண்டிருப்பதைப் பல பட்டறைகளில் காணலாம். பிடி விடவில்லை, மரம் விட்டது.

ஆதலின் கிண்ணத்தைப் பிடிப்பதில் இரும்பின் வலிமையைவிட மரத்தின் வலிமையே கணக்கு. தாடையை இன்னும் இறுக்கினால் சரியாகிவிடும் என்று எண்ணுவது புதியவர் செய்யும் பிழை. அது சில வேளை கேட்டையே விளைவிக்கும்.

முகத்தட்டு

பிடிகளுள் பழையதும் நம்பத்தக்கதும் முகத்தட்டு. இரும்பு வட்டத் தட்டு ஒன்றைக் கட்டையின் தட்டையான முகத்தில் திருகாணிகளால் பிணைத்து, தட்டைச் சுழலச்சில் மாட்டுவார்கள். நார் குறுக்கே கிடக்கும் கட்டையில் திருகாணி நாரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இறங்குவதால் இறுக்கமாகப் பற்றும். நாரின் முனை தெரியும் முகத்திலோ அது நார்களுக்கிடையே நழுவி இறங்கும். இழுத்தால் உருவிக்கொண்டு வரும். சொப்புக்கு ஒவ்வாத முகத்தட்டு கிண்ணத்துக்கு ஒத்துவருவதும், கிண்ணத்துக்கு ஒவ்வாத குவளைப் பிடி சொப்புக்கு ஒத்துவருவதும் நாரின் திசை ஒன்றினாலேதான்.

கிண்ணத்தின் வாயாக வரப்போகும் முகத்தில் தட்டைப் பிணைப்பது வழக்கம். அம்முகம் பின்னர் குடைந்து எடுக்கப்படும் ஆதலால் திருகாணித் துளைகள் மறைந்துவிடும். முகம் சமமாக இழைக்கப்பட்டிருக்கவேண்டும். தட்டு ஆடினால் திருகாணிகள் ஒவ்வொன்றாகத் தளரும். சுவர்ப் பலகை அடிக்கும் கறுப்புத் திருகாணியைப் பயன்படுத்தலாகாது. அது கடினமானது; ஆனால் வளையாது, சட்டென்று முறியும்.

இவ்வாறு பிணைத்து, மறுமுனையைத் தாங்கியால் அழுத்திக்கொண்டு, கிண்ணத்தின் வெளிப்புறத்தைக் கடைவார்கள். அப்போதே அடியில் குமிழையும் கடைந்துவிட வேண்டும். பிறகு கட்டையைத் திருப்பி, குமிழைச் சக்கின் தாடைகளில் மாட்டி, உட்புறத்தைக் குடைவார்கள். விபத்துக்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் கட்டத்தில்தான் நேர்கின்றன.

குமிழும் தோளும்

நான்கு தாடையுள்ள சக்கில் ஒரு திறவைத் திருப்பினால் நான்கும் ஒருங்கே நெருங்கும். தாடைகளின் உட்புறம் சாய்வாக இருக்கும்; வாய் குறுகி உள்ளே அகன்றிருக்கும். குமிழும் அதற்கேற்ப, கிண்ணத்தை ஒட்டிய கழுத்தில் குறுகி, முனையில் சற்று அகன்றிருக்க வேண்டும். அப்படியிருந்தால் தாடை நெருங்க நெருங்கச் சாய்வின்மேல் சறுக்கிக் குமிழை உள்ளே இழுக்கும். சாய்வு இரண்டும் பொருந்தாவிட்டால் தாடை ஒரு கோட்டில் மட்டுமே தொடும். இறுக்கியதாகத் தோன்றும், இறுகியிராது.

குமிழ் உள்ளே இழுக்கப்படும்போது எதில் போய் நிற்கிறது என்பது தலையாய கேள்வி. குமிழைச் சுற்றிக் கிண்ணத்தின் அடியில் ஒரு தட்டையான தோள் இருக்கவேண்டும். அந்தத் தோள் தாடைகளின் நெற்றியில் படிந்து நிற்க வேண்டும். குமிழின் முனையோ சக்கின் அடித்தளத்தைத் தொடவே கூடாது. தொட்டுவிட்டால் தோளுக்கும் தாடைக்கும் இடையே இடைவெளி விழும்.

மயிரிழை இடைவெளிக்கு இவ்வளவு அச்சமா என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிண்ணத்தின் ஆழம் 10 செ.மீ.; விளிம்பில் உளி 10 கிலோ எடைக்குச் சமமான விசையோடு பக்கவாட்டில் தள்ளுகிறது என்று கொள்வோம். கிண்ணம் நெம்புகோலாகி அடியைப் புரட்டப் பார்க்கிறது. தோள் படிந்திருந்தால், 8 செ.மீ. அகலமுள்ள தோளின் ஒரு விளிம்பு ஊன்ற, மறுவிளிம்பில் ஏறக்குறைய பன்னிரண்டரைக் கிலோ விசை தாங்கினால் போதும். தோள் படியாதிருந்தால், 6 மில்லிமீட்டர் உயரமுள்ள குமிழின் பக்கச்சுவர் மட்டுமே அந்தப் புரட்டலைத் தாங்க வேண்டும். விசை 160 கிலோவைத் தாண்டிவிடும். குறுக்கு நாருள்ள மெல்லிய விளிம்பு அதைத் தாங்குமா? கணக்கு மிக எளிமைப்படுத்தியதே எனினும், ஒன்றுக்குப் பத்து மடங்குக்கு மேல் வேறுபடுகிறது என்பதை அது காட்டப் போதும்.

இதிலிருந்தே குமிழின் அளவும் புலனாகும். விட்டம் பெரிதாக இருப்பதே பாதுகாப்பு. உயரத்தைக் கூட்டுவதால் வரும் நன்மை சிறிது. கிண்ணத்தின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை குமிழுக்கு விடுவர். 25 செ.மீ. கிண்ணத்துக்கு 8 முதல் 10 செ.மீ. வேண்டும். அழகுக்காகச் சின்ன அடி வேண்டுமென்றால், முதலில் பெரிய குமிழ் விட்டுக் குடைந்து முடித்து, கடைசியில் அதைச் சிறிதாக்கிக்கொள்வதே முறை.

சக்கின் தாடைகள் ஒரே ஒரு விட்டத்தில்தான் முழு வட்டமாகக் கூடும் என்பதையும் சொல்லவேண்டும். நான்கு தாடைகளும் ஒரு முழு வட்டத்தை நான்காக அறுத்து உண்டானவை. ஏறக்குறைய மூடிய நிலையில் அவை குமிழை முழுவதும் தழுவும். அகல விரித்தால் ஒவ்வொரு தாடையின் இரு ஓரங்கள் மட்டுமே தொட்டு, மொத்தம் எட்டு இடங்களில் மரத்தைக் கடிக்கும். ஆகவே கிண்ணம் பெரிதானால் தாடையைப் பெரிதாக மாற்றவேண்டுமே தவிர, சின்னத் தாடையை விரித்துச் சமாளிக்கலாகாது.

மாட்டியபின் இறுக்குவதிலும் ஒரு நயம் உண்டு. குறுக்கு நாருள்ள குமிழில், எதிரெதிரான இரு தாடைகள் நாரின் முனைகளை அழுத்துகின்றன. மற்ற இரண்டு நாரின் பக்கவாட்டை அழுத்துகின்றன. முனை கடினம், பக்கம் மென்மை. சிறிது நேரம் கடைந்தபின் பக்கவாட்டு நார் நசுங்கிக் கொடுக்கும், பிடி தளரும். இயந்திரத்தை நிறுத்தி ஒரு முறை திறவைத் திருப்பிப் பார்த்தால் கால் திருப்பு இடம் கொடுக்கும். அதை எடுத்துக்கொண்டு மேலே செல்லவேண்டும். மாறாக, தொடக்கத்திலேயே வெறிகொண்டு இறுக்கினால் நார் முற்றும் நசுங்கிச் சாய்வு அழிந்துவிடும். கிண்ணத்தை இடையில் கழற்ற நேர்ந்தால் முதல் தாடைக்கு நேரே குமிழில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்வது நல்லது. நசுங்கிய வடிவம் அதே இடத்தில் அமர்ந்தால்தான் கிண்ணம் ஆடாமல் சுழலும்.

குமிழுக்குப் பதிலாக அடியில் குழி எடுத்து, தாடைகளை உள்ளே விட்டு விரித்துப் பிடிப்பதும் உண்டு. தட்டு போன்ற ஆழமில்லாத பாத்திரத்துக்கு அது பொருந்தும். குழியையே பாத்திரத்தின் அடியாக விட்டுவிடலாம் என்பது அதன் வசதி. ஆனால் விரியும் தாடை ஆப்பைப் போல் நாரைப் பிளக்கும். குழியைச் சுற்றித் தடித்த சுவர் இல்லாவிட்டால் அடி இரண்டாகும்.

கட்டை கனம் குறைந்ததாயின் வேறொரு மரத்துண்டை அடியில் ஒட்டி, அதில் குமிழ் கடைவர். ஒட்டும் துண்டின் நாரும் கட்டையின் நாரும் ஒரே திசையில் இருத்தல் வேண்டும். இரண்டுக்குமிடையே ஒரு தாள் வைத்து ஒட்டினால் கடைசியில் உளியால் தட்டிப் பிரிப்பது எளிது. எளிதில் பிரியும் என்பதே அதன் குறையும் ஆதலின், ஆழமான கிண்ணத்துக்குத் தாள் வைக்காமல் ஒட்டி, பின்பு கடைந்து நீக்குவதே மேல். பச்சை மரத்தில் வெள்ளைப் பசை பிடிக்காது.

பால்மரத்தின் குணம்

பொதுவாகச் சொன்னவற்றை ரப்பர் மரத்துக்குப் பொருத்துகையில் சில தனிக் கவனங்கள் வேண்டும். இம்மரத்தில் சாய்ந்து வளர்ந்த பக்கத்தில் இழுவிசை நார் மிகுதி. அத்தகைய நார் உலரும்போது மற்றதைவிட வேறாகச் சுருங்கிக் கட்டையை முறுக்கும். உளிபட்டால் வெட்டுப்படாமல் பஞ்சு போல் பிய்யும். பிய்யும் நாரில் குமிழ் கடைந்தால் சாய்வு கூர்மையாக அமையாது. ஆகவே கிண்ணத்தின் எப்பகுதியில் குறை இருந்தாலும் குமிழ் வரும் இடம் மட்டும் நேர்நாராக, நீலம் பாயாததாக, வண்டுத் துளை இல்லாததாக இருக்கும்படி கட்டையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பால் வெட்டிய பட்டைப் பக்கத்தில் மங்கு கட்டிய கம்பியோ பால் வடியும் தகரமோ மரத்துள் புதைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலும் நலம். உளி முனை அதில் பட்டால் உளி மட்டுமா போகும்?

பச்சையாகவே கடைபவர் இரண்டு முறை கடைகிறார்கள். முதலில் தடிமனாக, விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு சுவர் கனம் விட்டு, கரடாகக் கடைந்து உலர வைப்பர். ரப்பர்க் கிண்ணமாயின் உலரும் காலத்திலேயே பூஞ்சையும் வண்டும் புகுந்துவிடும்; அதற்கு முன்பே வெண்காரக் கரைசலில் ஊறவைத்துவிடவேண்டும். உலர்ந்தபின் வட்டம் நீள்வட்டமாகியிருக்கும். நாரின் நீளவாக்கில் மரம் ஏறத்தாழச் சுருங்குவதே இல்லை; குறுக்கே சுருங்கும். 8 செ.மீ. குமிழ் நூற்றுக்கு இரண்டு பங்கு சுருங்கினாலும் ஒன்றரை மில்லிமீட்டர் கோணல். தாடைக்கு அதுவே மிகுதி. அப்படியே மாட்டி இறுக்குவது, வாய் நெளிந்த செம்புக்கு வட்ட மூடி போடுவது போல ஆகும். கிண்ணத்தின் வாயை ஒரு மரத்தட்டின்மேல் கவிழ்த்து, எதிர்முனைத் தாங்கியால் அழுத்திச் சுழலவிட்டு, குமிழை மறுபடி வட்டமாகக் கடைந்த பின்பே சக்கில் மாட்டவேண்டும். இதற்காகவே முதல் கடைசலில் குமிழைச் சற்றுப் பெரிதாக விடுவது.

வேகமும் உளியும்

எவ்வளவு நல்ல பிடியையும் தளர்த்தவல்லது எடைச் சமமின்மை. கட்டையின் ஒரு பக்கம் 100 கிராம் அதிகமாக இருந்து, அது மையத்திலிருந்து 12 செ.மீ. தள்ளி இருந்தால், 800 சுற்றில் எட்டரைக் கிலோ விசையோடு வெளியே இழுக்கும். அந்த இழுவையின் திசை நொடிக்குப் பதின்மூன்று முறை சுற்றி வருகிறது. வேகத்தை இரட்டிப்பாக்கினால் விசை நான்கு மடங்காகி 34 கிலோவாகும். எனவே மேடு பள்ளமான கட்டையை மெல்லச் சுழற்றத் தொடங்கி, வட்டமான பின்பே வேகத்தைக் கூட்டுவர். வட்டமான கிண்ணத்துக்கு ஒரு வாய்பாடு உண்டு: விட்டத்தை அங்குலத்தில் எடுத்து நிமிடச் சுற்றால் பெருக்கினால் வரும் தொகை 6000க்கும் 9000க்கும் இடையே இருக்கவேண்டும். 10 அங்குலக் கிண்ணத்துக்கு 600 முதல் 900 சுற்று. சொப்புப் பானை இரண்டங்குலம் ஆதலால் 3000, 4000 என்று ஓடலாம். சொப்புக் கடைசலின் வேகத்தைக் கண்டு பழகிய கண், கிண்ணத்தையும் அவ்வாறே ஓட்டத் தூண்டும். அந்தத் தூண்டுதல் ஆபத்தானது.

பிடி விட்டது என்று பிடியைப் பழிக்கும் இடங்களில் பலவற்றில் குற்றம் உளியினுடையது. மொக்கை உளியை அழுத்திக் கடைய வேண்டியிருக்கிறது. அழுத்தும் விசை முழுவதும் குமிழில் போய் இறங்குகிறது. விளிம்பில் உளியை வைக்கும்போது அதன் சாய்முகம் மரத்தில் ஊன்றாவிட்டால் முனை திடீரென்று ஆழப் பாய்ந்து சிக்கிக்கொள்ளும்; சுழலும் கட்டையின் ஆற்றல் முழுவதும் அந்த ஒரு நொடியில் குமிழை முறுக்கும். கட்டில் கால் போன்ற நீளக் கட்டையை உருட்டப் பயன்படும் அகன்ற குழியுளியைக் கிண்ணத்துக்கு எடுப்பதும் தவறு. கைப்பிடிக்குள் செல்லும் அதன் வால் மெல்லியது. கிண்ணத்தின் குறுக்கு நார் மோதும் விசையில் ஒடியும். வெளிப்புறத்தை அடியிலிருந்து விளிம்பை நோக்கியும், உட்புறத்தை விளிம்பிலிருந்து நடுவை நோக்கியும் கடைந்தால், வெட்டுப்படும் நாருக்குக் கீழே வேறு நார் தாங்கி நிற்கும். உளி தடுமாறாது, பிடியும் வருந்தாது.

உட்புறம் குடையும்போதும் எதிர்முனைத் தாங்கியை விலக்காமல், நடுவில் ஒரு தூணை விட்டுச் சுற்றிலும் குடைவது முன்னெச்சரிக்கை உள்ளவர் வழக்கம். தூணைக் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம். இயந்திரத்தை இயக்கும் முன் கட்டையைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பதும், விசையைப் போடும்போது கட்டை பறக்கக்கூடிய நேர்க்கோட்டில் நில்லாமல் விலகி நிற்பதும், முகம் முழுவதையும் மறைக்கும் காப்பு அணிவதும் இவற்றோடு சேர்ந்தவை. கண்ணாடி மட்டும் போதாது. கட்டை கண்ணைப் பார்த்து வருவதில்லை.

கடைசியில் குமிழை நீக்கவேண்டும். இவ்வளவு நேரம் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்ததையே நீக்குவதால், வேறொரு பிடி தேவைப்படுகிறது. காற்றை உறிஞ்சிப் பிடிக்கும் கருவிகள் இக்காலத்தில் வந்துள்ளன. 20 செ.மீ. வாயுள்ள கிண்ணத்தின் உட்காற்றில் பாதியை உறிஞ்சினால் வெளிக்காற்று 160 கிலோ எடைக்குச் சமமாக அழுத்திப் பிடிக்கும். மெல்லிய கிண்ணம் அந்த அழுத்தத்திலேயே நொறுங்குவதும் உண்டு. மேலும் ரப்பர் மரத்தின் நுண்துளைகள் வழியே காற்றுக் கசியும். எளிய பட்டறைக்கு உகந்தது பழைய முறையே. மரத்தட்டு ஒன்றைக் கிண்ணத்தின் வாய்க்குள் இறுக்கமாகப் புகும்படி கடைந்து, கிண்ணத்தை அதன்மேல் கவிழ்த்துத் தட்டி மாட்டுவர். அம்பாசமுத்திரத்துக் குவளைப் பிடியை உள்வெளி மாற்றியது போல இது அமையும். எதிர்முனைத் தாங்கி குமிழின் நடுவில் ஊன்றியிருக்க, அதைச் சுற்றியுள்ள மரத்தை மெல்ல மெல்லச் சீவி, விரல் பருமனில் ஒரு முளை மட்டும் எஞ்சும் வரை கடைவார்கள். அதன்பின் இயந்திரத்தை நிறுத்தி, கிண்ணத்தை மடியில் வைத்து, அந்த முளையைக் கையுளியால் சீவி எடுத்து, உப்புத்தாளால் தேய்த்துவிடுவார்கள்.